சுவரொட்டியில் ஏறாத பெயர்கள்

சிவகாசியிலும் எங்கள் திருத்தங்கல்லிலும் உள்ள அச்சகங்களில் பல தலைமுறைகளாகச் சினிமாச் சுவரொட்டிகள் அச்சாகின்றன. எந்தத் தாளை எடுத்தாலும் ‘இசை’ என்பதற்குப் பக்கத்தில் ஒரு பெயர் இருக்கும். மிஞ்சினால் இரட்டையர் பெயர். மெட்டுக்கு வாத்தியங்களை ஒதுக்கியவர், இடையிசைக்கு நொட்டேஷன் (இசைக்குறிப்பு) எழுதியவர், ஒலிப்பதிவில் குழுவை நடத்தியவர் யாரும் அந்தத் தாளில் ஏறியதில்லை. திரையிசை பற்றிய நம் எழுத்தும் அந்தச் சுவரொட்டியைத் தாண்டவில்லை.

இந்த வேலையைச் செய்தவர்களில் ஒருவர் ஆர்.கே. சேகர். அவர் 1933இல் பிறந்த தமிழர். 1964இல் ‘பழசி ராஜா’, ‘ஆயிஷா’ ஆகிய மலையாளப் படங்களுக்கு வயலார் ராமவர்மாவின் பாடல்களோடு இசையமைத்தார். தன் பெயரில் அவர் இசையமைத்த மலையாளப் படங்கள் இருபத்துச் சொச்சமே. மற்றவர்களுக்காக வாத்திய அமைப்பு செய்து குழுவை நடத்திய படங்களோ நூற்றுக்கும் மேல். மலையாள இசையமைப்பாளர் எம்.கே. அர்ஜுனனின் முதல் படம் ‘கருத்த பௌர்ணமி’ 1968இல் வந்தது. அதில் தொடங்கி அவருக்குச் சேகர் வலதுகையாக இருந்தார்.

வாத்திய அமைப்பு எத்தகைய வேலை என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பாடகரும் வயலின்காரர்களும் தபலாக்காரரும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் இசைத்த காலம் அது. ஒருவர் பிசகினால் டேக் முதலிலிருந்து தொடங்கும். பாட்டு முழுவதையும் முன்கூட்டியே காதுக்குள் கேட்டுவிட்டவரால்தான் அதன் நொட்டேஷனை எழுத முடியும். ராக மெட்டுக்கு அடியில் கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள்) வைப்பதோ இன்னும் நுட்பமானது. கமகமாக ஸ்வரம் அசைகிற இடத்தில் கனத்த கார்டு விழுந்தால் மெட்டு நசுங்கிவிடும். எங்கே சேர்ப்பது, எங்கே விலகி நிற்பது என்று முடிவெடுப்பது படைப்பு வேலை. அதை உதவி என்று பதிவது தவறு.

அமெரிக்க ஜாஸ் உலகிலும் இப்படி ஒருவர் இருந்தார். பியானோக் கலைஞர் பில்லி ஸ்ட்ரேஹார்ன் 1939இல் டியூக் எலிங்டனின் குழுவில் சேர்ந்தார். 1941இல் அந்தக் குழு பதிவுசெய்த ‘டேக் தி ஏ டிரெயின்’ அவர் இயற்றியது. அதுவே எலிங்டன் குழுவின் அடையாள இசையானது. பலர் அதை எலிங்டனுடையது என்றே நம்பினார்கள். ஸ்ட்ரேஹார்ன் 1967இல் இறந்தார். 1996இல் டேவிட் ஹஜ்டு அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். பிறகு இசை ஆய்வாளர் வால்டர் வான் டி லூர் கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டு, எந்தப் பகுதி யாருடையது என்று பிரித்துக் காட்டினார். அந்தத் தாள்கள் காப்பாற்றப்பட்டிருந்ததால் அது கைகூடியது. நம் ஒலிப்பதிவுக் கூடங்களில் வேலை முடிந்ததும் நொட்டேஷன் தாளுக்கு மதிப்பில்லை. ஆய்வாளருக்கு மிஞ்சுவது இசைத்தட்டும் நினைவுகளுமே.

சேகர் 1976 செப்டம்பரில் 43 வயதில் காலமானார். அவர் சேர்த்து வைத்திருந்த வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பம் பிழைத்தது. ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்த மகன் திலீப் பின்னாளில் ஏ.ஆர். ரகுமான் ஆனார். தந்தை தோள்கொடுத்த அதே அர்ஜுனன்தான் 1981இல் அந்தப் பையனைக் கீபோர்டு வாசிக்க அழைத்தார். இன்று சேகரைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் ‘ரகுமானின் தந்தை’ என்றே தொடங்குகின்றன. அர்ஜுனனின் பழைய பாடல்களின் இடையிசையை மட்டும் தனியே கேட்டுப் பாருங்கள். அந்த அடைமொழி எவ்வளவு குறைவானது என்று தெரியும்.

மயிலாப்பூரில் பியானோவும் மேற்கத்திய இசையும் கற்பித்த தன்ராஜ் மாஸ்டரின் நிலை இதைவிட மோசம். சேகர் மறைந்த அதே ஆண்டில் ‘அன்னக்கிளி’ மூலம் அறிமுகமான இளையராஜா அவருடைய மாணவர். ரகுமானும் தன்ராஜிடம் கற்றவர். ஒன்றுக்கொன்று எதிரெதிராக நிறுத்தி நாம் சண்டை போடும் இரண்டு இசைகளும் ஒரே ஆசிரியரின் அறையைத் தொட்டு வந்திருக்கின்றன. அங்கே எந்த வரிசையில் பாடம் நடந்தது, ஹார்மனியை அவர் எப்படி விளக்கினார் என்பதையெல்லாம் மாணவர்கள் பேட்டிகளில் உதிர்த்த வாக்கியங்களிலிருந்துதான் பொறுக்கிச் சேர்க்க வேண்டியிருக்கிறது.