மேக்னம் ரசிகர்கள் கேட்காத ஒரு கேள்வி

பழைய மேக்னம் ரிவால்வர்களில் எது உசத்தி என்று பேச்சு வந்தால் ரசிகர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சிக்கு 1955ல் வந்த கோல்ட் பைத்தான்: கண்ணாடி மாதிரி மெருகேற்றிய நீல எஃகு, வழுக்கிக்கொண்டு போகும் விசை. இன்னொரு கட்சிக்கு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 29: 'டர்ட்டி ஹாரி' (1971) படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் கையில் இருந்த .44 மேக்னம். ஒருத்தர் அழகை வைத்து வாதாடுவார், இன்னொருத்தர் பலத்தை வைத்து.

1973ல் வந்த 'மேக்னம் ஃபோர்ஸ்' இந்தச் சண்டையைத் திரையிலேயே காட்டியது. ஹாரியிடம் 29, அவருக்கு எதிராக நிற்கும் போலீஸ்காரர்களிடம் பைத்தான். அதே படத்தில், சுடும் பயிற்சி நடக்கிற இடத்தில், என்ன தோட்டா போடுகிறீர்கள் என்று ஹாரியிடம் கேட்பார்கள். மருந்து குறைவான லேசான தோட்டா என்பார் அவர். கைக்கு அடங்குகிறது, உதையும் குறைவு என்று காரணமும் சொல்வார். பலத்துக்கே அடையாளமாகிப்போன ஹீரோ இப்படிச் சொல்றார்! ரசிகர்களின் ஒப்பீட்டில் இந்த வசனத்துக்கு இடமே இல்லை என்பதுதான் என் குறை.

ஏன்னா, மேக்னத்தின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. 1935ல் வந்த .357 மேக்னம், பழைய .38 ஸ்பெஷல் தோட்டாவின் கூட்டைச் சுமார் 3 மில்லிமீட்டர் நீட்டிச் செய்தது. அதனால் .357 ரிவால்வரில் .38 தோட்டாவும் போட்டுச் சுடலாம். .38 ரிவால்வரில் .357 தோட்டா நுழையாது. ஒரே துப்பாக்கியில் இரண்டு குணம்.

இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 19. அமெரிக்க எல்லைக் காவல் படையின் பில் ஜோர்டன், நாள் முழுக்க இடுப்பில் சுமக்கத் தோதான மேக்னம் வேண்டும் என்று கேட்டார். நிறுவனம் .38க்கான நடுத்தர உடலிலேயே .357ஐ அடக்கி 1955ல் கொண்டுவந்தது. பயிற்சிக்கு .38, பணிக்கு மேக்னம் என்பதுதான் கணக்கு. பிறகு பயிற்சியிலும் மேக்னம்தான் என்று ஆனபோது, குறிப்பாக வேகம் கூடிய 125 கிரெய்ன் தோட்டாக்களால், குழலின் பின்முனை சில துப்பாக்கிகளில் விரிசல் விட்டது. அதற்குப் பதிலாக 1980களின் தொடக்கத்தில் கனமான 586, 686 வந்தன.

இந்த விரிசலைச் சொல்லித்தான் பலர் 19ஐப் பட்டியலில் கீழே தள்ளுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. எதைச் சுமக்க முடியும், எதைத் தினமும் சுட்டுப் பழக முடியும் என்று யோசித்துச் செய்த துப்பாக்கி அது. அந்தக் கணக்கை மீறித் தீனி போட்டதால்தான் அடி வாங்கியது. என் ஓட்டு 19க்குத்தான். நீங்கள் பைத்தான் கட்சியோ 29 கட்சியோ, அதில் எந்தத் தோட்டாவைப் போட்டுப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.