பெட்டிச் சுவரைத் துளைத்து வந்த ஒளி

அருமனையில் தொலைநோக்கி வைத்து வானம் பார்ப்பது பெரும்பாடு. இடவப்பாதி மழை, துலாமழை, இரண்டுக்கும் தப்பினால் தலைக்கு மேல் ரப்பர் மரக் கூரை. ஆனால் நான் உயிரை விடும் வெளிச்சத்துக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. விண்வெளியிலிருந்து வரும் காமா கதிரைக் காற்றுமண்டலமே விழுங்கிவிடும்; அதைப் பிடிக்க மேலே ஏறியாக வேண்டும். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அப்படி ஏறியதுதான் நம் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள்.

அதிலுள்ள சி.இசட்.டி.ஐ. என்ற கருவியை நினைத்தாலே எனக்கு மெய்சிலிர்க்கும். கேட்மியம் துத்தநாக டெல்லூரைடு படிகங்கள், ஐந்தே மில்லிமீட்டர் கனம். நான்கு கட்டங்களிலுமாக 64 துண்டுகள், துண்டுக்கு 256 புள்ளிகள். நேரே எதிரில் இருப்பதைப் பார்க்கத்தான் அதைச் செய்தார்கள். பக்கவாட்டு ஒளி புகாமல் தடுப்பும் கட்டினார்கள். ஆனால் 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட கதிருக்கு அந்தத் தடுப்பு கண்ணாடி மாதிரி. சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடும். பூமி மறைக்கும் பகுதி போக, வானம் முழுக்க அதற்குக் கண்! இயங்கத் தொடங்கிய முதல் நாளே, அக்டோபர் 6 அன்று, பார்த்துக்கொண்டிருந்த திசைக்கு 60 பாகை விலகி நிகழ்ந்த ஒரு காமா கதிர் வெடிப்பைப் பிடித்துவிட்டது. இன்று அந்தக் கணக்கு 600-ஐத் தாண்டிவிட்டது.

இந்தக் கருவியின் மின்னணுப் பாகங்களை வடிவமைத்து, பொருத்தி, சோதித்தது திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் மையம். மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையில் நடந்த வேலை அது. நாங்கள் ஆஸ்பத்திரிக்கும் துணியெடுக்கவும் பஸ் ஏறிப் போகும் ஊரில், அந்தரத்தில் சுற்றும் அந்தக் கண்ணுக்குக் கை பட்டிருக்கிறது.

அப்பா பால்வெட்டுக்குப் புறப்படும் விடியற்காலைதான் நான் இந்தக் கருவியின் வரைபடம் பார்க்கும் நேரம். நான்கு கட்டங்களின் எண்ணிக்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாக நடுங்கிக்கொண்டே ஓடும். ஒரு கட்டத்தில் மட்டும் முள் எழும்பினால் நம்பக்கூடாது, காஸ்மிக் கதிர் ஏதாவது உரசியிருக்கும். நான்கிலும் ஒரே நொடியில் எழும்ப வேண்டும். அதிலும் இரண்டு விநாடிக்குள் முடிந்துவிடும் குறுவெடிப்பு இருக்கிறதே, அதுதான் என் செல்லம். பத்து விநாடிக்கு ஒரு புள்ளி என்று கூட்டினால் இரைச்சலில் கரைந்துபோகும். பத்தில் ஒரு விநாடியாக நறுக்கினால் தென்னை மாதிரி நிமிர்ந்து நிற்கும். எட்டிப் பார்த்த அம்மா, “இது ஆருக்க ஈசிஜி மக்களே?” என்று கேட்டாள். “ரெண்டு நட்சத்திரம் முட்டிக்கிட்டதும்மா” என்றேன்.

உண்மைதான். 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பலை வந்து சேர்ந்து 1.7 விநாடியில், ஃபெர்மி செயற்கைக்கோள் ஒரு குறுவெடிப்பைக் கண்டது. வந்த தூரம் 13 கோடி ஒளியாண்டு. குறுவெடிப்பு எங்கே பிறக்கிறது என்று பல்லாண்டாக நடந்த வாதத்துக்கு அன்று நேரடிச் சான்று கிடைத்தது. அந்த நேரம் ஆஸ்ட்ரோசாட்டுக்கும் அந்த இடத்துக்கும் நடுவே பூமி நின்றது. அது ஒன்றும் காணவில்லை. அந்தக் காணாமையும் உதவியது என்பதுதான் எனக்கு ஆகப் பிடித்த செய்தி: அதன் பார்வைக்குத் திறந்திருந்த வானத்தில் வெடிப்பு இல்லை என்று ஒதுக்க முடிந்ததே!

ஐந்தாண்டு ஆயுள் குறித்து அனுப்பியது பத்தாண்டு கடந்தும் சுற்றுகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய பாதை என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் நம் தென்வானில் ஏறி இறங்குகிறது, நாளுக்குப் பதின்மூன்று பதினான்கு தடவை. அது கண்ட வெடிப்புகளின் வரைபடங்கள் புனே ஐயுகா நிறுவனத்தின் இணையதளத்தில் எல்லோருக்கும் திறந்தே கிடக்கின்றன. நம் பக்கத்துப் பள்ளிகளில் இயற்பியல் எடுக்கும் ஆசிரியர்களே, ஒரே ஒரு வகுப்பில் அதைத் திறந்து, நான்கு கட்டங்களிலும் முள் சேர்ந்து எழும் இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.