கிணற்றின் அடியிலிருந்து கண்ட வானம்

குடியை விட்டவன் கதையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பங்கு விழா மேடையில் அதை நாடகமாகக் கண்டிருக்கிறோம். தவக்காலத் தியானங்களில் உருக்கமான சான்றாகவும் கேட்டிருக்கிறோம். தள்ளாடி வரும் கணவன், அழும் மனைவி, பசித்த பிள்ளைகள். பிறகு ஓர் அதிர்ச்சி, ஒரு சத்தியம், திரை! நாமும் கண்களைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்புகிறோம். ஆனால் திரை விழுந்தபின் வரும் காலைப்பொழுதை அந்த மனிதன் எப்படிக் கழித்தான்? அதற்கடுத்த வாரத்தை? அதற்கடுத்த ஆண்டை? நம் மேடைகள் இவ்வினாக்களுக்கு விடை சொல்வதில்லை. சத்தியம் செய்த இடத்தில் முடியும் கதை, குடிநோயாளியின் உண்மையான பயணம் தொடங்குமிடத்திலேயே அவனைக் கைவிட்டுவிடுகிறது.

இக்குறையை உணர்ந்து படிக்க வேண்டிய எழுத்தாளர் அமெரிக்கச் சிறுகதையாசிரியர் ரேமண்ட் கார்வர். 1938-இல் ஆரெகன் மாநிலத்தில் பிறந்தவர். தந்தை மர ஆலையில் அரம் தீட்டும் தொழிலாளி. அவரும் குடிக்கு அடிமைப்பட்டவரே. 19 வயதில் மணமுடித்த கார்வர், 20 வயதில் இரு குழந்தைகளுக்குத் தந்தையாகியிருந்தார். வறுமையும் குடியும் ஒருசேர அவரை அரித்தன. 1976-இல் முதல் பெருந்தொகுப்பு வெளிவந்து புகழ் ஈட்டியபோதே, அவர் குடிநோய்க்காகப் பலமுறை மருத்துவமனையில் கிடந்தார். 1977 ஜூன் 2 அன்று குடியை நிறுத்தினார். 1988 ஆகஸ்ட் 2-இல் தம் 50-ஆம் வயதில் இறக்கும்வரை மீண்டும் அதைத் தொடவில்லை. தம் வாழ்வில் எதைக் காட்டிலும் குடியை விட்டதையே பெருமையாகக் கருதுவதாக ஒரு நேர்காணலில் அவர் சொன்னார். உலகப் புகழ் பெற்ற கலைஞன் ஒருவன் தன் கலையைவிட உயர்வாக இதைச் சொல்கிறான் என்றால், அது நம் சிந்தனைக்குரியது அன்றோ?

1982-இல் வெளியான 'நான் அழைக்கும் இடத்திலிருந்து' என்னும் கதையை முதலில் நோக்குவோம். குடிநோயாளிகள் தங்கித் தெளியும் ஒரு விடுதி. கதைசொல்லி அங்கு வருவது இது இரண்டாம் முறை. முகப்புத் திண்ணையில் அவனோடு அமர்ந்திருப்பவன் ஜே.பி.; புகைபோக்கி துடைப்பது அவன் தொழில். அவன் தன் கதையைச் சொல்கிறான். 12 வயதில் ஒரு வறண்ட கிணற்றுக்குள் விழுந்ததும், அடியில் அமர்ந்து கத்தியதும், வாய்வட்டத்தின் வழியே நீலவானம் தெரிந்ததும், தந்தை கயிறு விட்டுத் தூக்கியதும் அவன் நினைவில் விரிகின்றன. பிறகு காதல், மணம், குழந்தைகள்; எப்படியென்று தெரியாமலே வாழ்வில் நுழைந்துவிட்ட குடி; வீட்டில் அடிதடி.

கிணறு எதைக் குறிக்கிறது என்று கார்வர் விளக்குவதில்லை. விளக்க வேண்டிய தேவையும் இல்லை. குடியின் அடியாழத்தில் கிடப்பவன் தன் முயற்சியால் மட்டும் ஏறி வர இயலாது. மேலிருந்து ஒருவர் கயிறு விட வேண்டும். ஆயினும் கீழே இருப்பவன் கத்தியாக வேண்டும். கயிற்றைப் பற்றவும் வேண்டும். இவ்விரண்டும் கூடுமிடத்தில்தான் மீட்பு நிகழ்கிறது.

கதைசொல்லி செய்வதெல்லாம் கேட்பது ஒன்றே. மேலே சொல், மேலே சொல் என்று ஜே.பி.யைத் தூண்டிக்கொண்டே இருக்கிறான். 1935-இல் ஓகையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்பவரும் பாப் ஸ்மித் என்னும் மருத்துவரும் தொடங்கிய 'பெயரறியாக் குடிநோயாளிகள்' இயக்கத்தின் அடிப்படை முறையும் இதுவே: ஒரு குடிநோயாளி பேச, இன்னொருவர் செவிமடுப்பது. கார்வர் அக்கூட்டங்களுக்குச் சென்றவர். அங்கே கற்றது அவர் கதையின் வடிவமாகவே ஆகியிருக்கிறது எனலாம். குடிகாரனுக்கு நாம் அறிவுரை வழங்குகிறோம். அவன் சொல்வதைக் கேட்டிருக்கிறோமா?

இக்கதையில் இன்னொரு காட்சியும் உண்டு. வீடு திரும்ப இருந்த டைனி என்பவன் காலை உணவு மேசையில் திடீரென வலிப்பு கண்டு விழுகிறான். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தும்போது வலிப்பும் சித்தப்பிரமையும் வரக்கூடும், உயிருக்கே கேடு நேரலாம் என்பது மருத்துவ உண்மை. ஆகவே அத்தகையோர் மருத்துவரின் கண்காணிப்பில் நிறுத்துவதே நன்று. மனவுறுதி ஒன்றே போதும் என்னும் நம் மேடைப் பேச்சுகள் மறைப்பதை இந்தக் கதை மறைக்காமல் காட்டுகிறது.

'செஃபின் வீடு' அளவில் சிறிய கதை. குடியை விட்ட வெஸ், தன்னைப் போலவே குடியிலிருந்து மீண்ட செஃபின் கடலோர வீட்டில் வாடகைக்கு இருக்கிறான். பிரிந்த மனைவி எட்னாவை அழைக்கிறான், அவள் வருகிறாள். ஒரு கோடைக்காலம் முழுவதும் எளிய இன்பங்கள். பிறகு தன் மகளுக்காக வீடு வேண்டுமென்கிறார் செஃப். அவ்வளவில் வெஸ்ஸின் நம்பிக்கை உடைந்துபோகிறது. அவன் மீண்டும் குடிப்பதாக ஆசிரியர் எழுதவில்லை. நமக்கோ அச்சம் பற்றிக்கொள்கிறது. மனம் திருந்தியவனுக்குக் கூரை வேண்டும், வேலை வேண்டும், நாளை என்னும் நிச்சயம் வேண்டும். அவற்றைத் தராத சமூகம் அவன் சறுக்கும்போது பழிப்பதற்கு உரிமை உடையதா?

இனி, கார்வரைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் ஒரு கருத்தை ஆராய வேண்டும். 1981-இல் வெளியான தொகுப்பில் 'குளியல்' என்றொரு கதை. பிறந்தநாளன்று கார் மோதிய சிறுவன் மருத்துவமனையில் கிடக்கிறான். அவனுக்காகச் செய்த கேக்கை வாங்க வராத பெற்றோரை அடுமனைக்காரன் தொலைபேசியில் தொல்லை செய்கிறான். மணி ஒலிப்பதோடு கதை அறுந்து நிற்கிறது. 1983-இல் வந்த 'பேராலயம்' தொகுப்பில் இதே கதை 'ஒரு சின்ன நல்ல காரியம்' என்னும் பெயரில் நீள்கிறது. சிறுவன் இறக்கிறான். சினத்தோடு வந்த பெற்றோரிடம் அடுமனைக்காரன் மன்னிப்புக் கேட்கிறான். சூடான ரொட்டியைப் பரிமாறுகிறான். விடியும்வரை மூவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அப்பம் பிட்கப்படும் மேசையை அறிந்த நமக்கு இக்காட்சி அந்நியமானதன்று.

முதல் வடிவம் குடிகாரக் கார்வருடையது, இரண்டாவது தெளிந்த கார்வருடையது என்று கொள்வது எளிது, ஆனால் தவறு. இரண்டுமே அவர் குடியை விட்டபின் வந்தவை. நீண்ட கதையே முன்னது; பதிப்பாசிரியர் கார்டன் லிஷ் அதைக் கடுமையாக வெட்டிச் சுருக்கினார். 1980 ஜூலையில் கார்வர் அவருக்கு எழுதிய கடிதம் பின்னாளில் வெளியானது. தாம் நலம் பெற்று வருவதோடும் தன்மதிப்பை மீட்பதோடும் இக்கதைகள் பிணைந்திருப்பதாகச் சொல்லி, நூலை நிறுத்துமாறு அதில் மன்றாடுகிறார். நூலோ வெட்டப்பட்டபடியே வெளிவந்தது. அடுத்த தொகுப்பில்தான் அத்தகைய வெட்டுக்கு அவர் இடம் தரவில்லை.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் எளிய கருத்து தருவதினும் ஆழமானது. குடியை விட்ட அன்றே ஒருவன் வலிமையுள்ளவன் ஆகிவிடுவதில்லை. 1977-இல் கோப்பையை மறுத்தவருக்குத் தம் சொற்களுக்காக உறுதியாக நிற்க மேலும் 5 ஆண்டுகள் தேவைப்பட்டன. மீண்டும் எழுதாவிடினும் கவலையில்லை என்ற நிலையில்கூட ஆரம்பத்தில் அவர் இருந்திருக்கிறார். தெளிவு முதலில் உயிரைத் தந்தது. தன்மதிப்பு மெல்லத்தான் வந்தது.

குறைகளையும் கூறுவதே முறை. குடியை விட்டது கார்வரின் முதல் மணவாழ்வைக் காக்கவில்லை. பரிமாறும் பணி முதலான வேலைகள் செய்து அவரைப் படிக்க வைத்த மனைவி மேரியானைவிட்டு அடுத்த ஆண்டே பிரிந்தார். 1982-இல் மணமுறிவு ஏற்பட்டது. இருண்ட ஆண்டுகளைச் சுமந்தவர் ஒருவர். ஒளியின் ஆண்டுகளைப் பகிர்ந்தவரோ கவிஞர் டெஸ் கலாகர். எட்னாவின் குரலில் ஒரு கதை எழுதியிருப்பினும், குடிகாரனின் மனைவி பட்ட பாடு இவ்வெழுத்தில் முழு அளவில் ஒலிக்கவில்லை என்பது நம் மனக்குறை. புகைப்பழக்கத்தையும் அவர் விடவில்லை. நுரையீரல் புற்றுநோயே அவரைக் கொண்டுபோயிற்று. திருந்திய வாழ்வும் குறையுள்ள வாழ்வே.

ஆயினும் அந்த 11 ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள்! சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி, 'பேராலயம்' தொகுப்பு, கவிதை நூல்கள், அமைதியான ஓர் இல்லம். இறக்கும் தறுவாயிலும் இவ்வாண்டுகளைத் தமக்குக் கூடுதலாகக் கிடைத்த கொடையாகவே அவர் கண்டார். குடியால் 1977-லேயே முடிந்திருக்கக்கூடிய வாழ்வு அது.

விடுதிக் கதையின் இறுதியில் கதைசொல்லி தொலைபேசியை நோக்கிப் போக எண்ணுகிறான். மனைவியை அழைக்க வேண்டும். குரல் உயர்த்தக் கூடாது. தான் இன்னான் என்று சொன்னால் போதும். அவள் என்ன சொல்வாள் என்று ஆசிரியர் எழுதவில்லை. அந்த அழைப்பு என்றேனும் நம்மில் ஒருவர் வீட்டிற்கும் வரலாம். அதை எடுத்துக் கேட்கும் பொறுமை நமக்கு இருக்குமா என்பதே இக்கதை நம்மிடம் விட்டுச் செல்லும் வினா.