பள்ளி பேஸ்பால் வீரர்களின் கல்லூரி வாய்ப்பு: கணிப்பும் அதன் குறைகளும்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் பேஸ்பால் ஆடும் மாணவர் கல்லூரி அணியில் நிலைப்பாரா என்று முன்கூட்டியே கணிப்பது கல்லூரிப் பயிற்சியாளர்களின் முக்கியப் பணிகளில் ஒன்று. பதினாறு, பதினேழு வயதில் செய்யப்படும் இக்கணிப்பே மாணவருக்கு அணியில் இடமும் உதவித்தொகையும் கிடைக்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. எளிதில் அளக்கக்கூடியவற்றுக்கு மிகையான இடம் தருவது இம்முறையின் அடிப்படைக் குறை.

மதிப்பிடும் முறை

பந்தைத் தவறாமல் அடித்தல், அடியின் வலிமை, ஓட்டம், எறிதல், தடுப்பாட்டம் ஆகியவை ஐந்து அடிப்படைத் திறன்களாகக் கொள்ளப்படுகின்றன. தொழில்முறைத் தேர்வாளர்கள் ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் இடுவர். 50 என்பது மேஜர் லீக் சராசரி. பள்ளி மாணவர்களுக்கான தெரிவு முகாம்களில் 60 கஜ ஓட்டத்தின் நேரம், வீச்சின் வேகம், மட்டையிலிருந்து பந்து கிளம்பும் வேகம் ஆகியவை பதிவாகின்றன.

இவ்வெண்கள் பயனற்றவை அல்ல. எதிரணியின் தரம் பள்ளிக்குப் பள்ளி மாறுவதால், அடித்தல் சராசரியை மட்டும் வைத்து மாணவரை எடைபோட இயலாது. மணிக்கு 75 மைல் வேகப் பந்துகளை விளாசியவர் 90 மைல் வேகத்தின் முன் திணறலாம். ரேடார் கருவியின் கணக்கோ எல்லா ஊரிலும் ஒன்றே. ஆனால் எல்லைக்கு வெளியே போகும் பந்தை அடிக்காமல் விடும் பொறுமை, வளைந்து வரும் பந்தை அடையாளம் காணும் கண், தொடர் தோல்வியைத் தாங்கும் மனம் ஆகியவை ஒருநாள் முகாமில் புலப்படுவதில்லை.

கணிப்பைப் பொய்யாக்கியவர்கள்

ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் பள்ளிப் படிப்பை முடித்தபோது உடல் பருமனாக இருந்தார். எந்தத் தொழில்முறை அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி க்வினின் பயிற்சியில் உடலைச் சீராக்கிய அவர், 2009 டிராஃப்டில் முதல் தேர்வானார். பஸ்டர் போசி புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகே கேட்சராக மாறினார். 2008-ல் ஐந்தாவது தேர்வானார். பள்ளியில் அவரைப் பார்த்தவர்கள் அவர் பின்னாளில் புகழ்பெற்ற ஆட்டநிலையில் அவரைக் கண்டிருக்கவே முடியாது.

பில்லி பீனின் கதை இதற்கு எதிரானது. தேர்வாளர்களைக் கவர்ந்த அவர் 1980-ல் முதல் சுற்றில் தேர்வாகி, ஸ்டான்போர்டு செல்லும் வாய்ப்பைக் கைவிட்டார். மேஜர் லீகில் அவரது சராசரி .219 மட்டுமே.

பீனை மையமாக்கி மைக்கேல் லூயிஸ் எழுதிய ‘மணிபால்’ (2003), பள்ளி வீரர்களைவிடக் கல்லூரி வீரர்களைத் தேர்வது பாதுகாப்பானது என்ற கருத்தைப் பரப்பியது. ஆனால் அந்நூல் விவரிக்கும் அதே 2002 டிராஃப்டில்தான் சாக் கிரெய்ன்கி, கோல் ஹேமல்ஸ், மாட் கெய்ன் ஆகியோர் பள்ளியிலிருந்து நேரடியாகத் தேர்வாயினர். தோற்றத்தை நம்புவதன் ஆபத்தை அந்நூல் சரியாகவே காட்டியது. அதற்கு மாற்றாக அது முன்வைத்த பொதுவிதியும் முழுமையானதல்ல.

விளைவுகள்

இம்முறை முதலில் பாதிப்பது உடலளவில் தாமதமாக வளரும் மாணவர்களை. ஒரே வகுப்பில் படிப்போரிடையே கிட்டத்தட்ட ஓராண்டு வயது வித்தியாசம் இருக்கக்கூடும். முகாமின் எண்கள் அதைத் தாமாகச் சொல்வதில்லை.

அடுத்தது வீச்சாளரின் முழங்கை. வேகமே அளவுகோலானால் மாணவர் வேகத்தையே துரத்துவார். 2014-ல் மேஜர் லீகும் யு.எஸ்.ஏ. பேஸ்பால் அமைப்பும் வெளியிட்ட ‘பிட்ச் ஸ்மார்ட்’ வழிகாட்டுதல் 17, 18 வயதினருக்கு நாளொன்றுக்கு 105 வீச்சுகளை உச்சவரம்பாக்கியது. அது எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும். ஒவ்வொரு வீச்சிலும் முழு வலுவைக் காட்டும் ஆசையைக் கட்டுப்படுத்தாது.

மூன்றாவது பணம். முகாம்களுக்குக் கட்டணமும் பயணச் செலவும் உண்டு. செலவிட முடியாத வீட்டுப் பிள்ளை பார்வைக்கே வராமல் போகலாம். முதல் பிரிவுக் கல்லூரிகளில் நெடுங்காலம் ஓர் அணிக்கு 11.7 முழு உதவித்தொகைகளே அனுமதிக்கப்பட்டன. அவற்றை 27 வீரர்கள் வரை பங்கிட்டனர். 2025-26 முதல் புதிய ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு நீங்கியது; மாறாக அணியில் 34 பேர் என்ற வரம்பு வந்தது. இடம் சுருங்கும்போது பயிற்சியாளர் வேறு கல்லூரியில் ஏற்கெனவே ஆடித் தேறியவரையே நாடுவது இயல்பு. பள்ளி மாணவரின் ‘வருங்காலம்’ அங்கே விலைபோவது கடினம்.

மதிப்பீடு

ஐந்து திறன்களின் அளவீடு ஒரு மாணவர் இன்று எங்கே நிற்கிறார் என்பதைச் சொல்கிறது. எந்தத் திசையில் போகிறார் என்பதைச் சொல்வதில்லை. ஒரே மாணவரைப் பல பருவங்களில் பார்த்தல், வயதைக் கணக்கில் கொள்ளுதல், தோற்ற ஆட்டங்களில் அவர் நடந்துகொள்வதைக் கவனித்தல் ஆகியவை அக்குறையை ஓரளவு ஈடுசெய்யும். அதற்குக் காலமும் ஆளும் தேவை; முகாமின் எண்பட்டியலோ உடனே கைக்கு வருகிறது. ஸ்ட்ராஸ்பர்க்குக்குக் கல்லூரி ஒரு வாய்ப்பு தந்ததால்தான் அவரைப் பற்றிய முதல் கணிப்பு பிழையென்று தெரியவந்தது. அத்தகைய வாய்ப்பு கிடைக்காதவர்களைப் பற்றிய கணிப்புகள் சோதிக்கப்படாமலே சரியெனக் கொள்ளப்படுகின்றன.