துலாக்கோல் யார் கையில்?

அநீதி செய்யும் ஆட்சியாளனை எதிர்த்துப் பிரஜைகள் தெருவில் இறங்கலாமா என்ற வினாவுக்கு, இஸ்லாமிய மார்க்க அறிஞர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வரும் முறை, கிளர்ச்சியால் விளையும் நன்மையையும் தீமையையும் துலாக்கோலில் இட்டு நிறுத்துப் பார்ப்பதாகும். கொடுங்கோலன் முன் சத்தியம் பேசுவதே சிறந்த அறப்போர் என்னும் நபிமொழியும் உண்டு. ‘ஃபித்னா’ என்னும் கலகத்துக்கு அஞ்சிப் பணியச் சொல்லும் நபிமொழிகளும் உண்டு. இவற்றுக்கிடையே, சிந்தப்போகும் இரத்தத்தை முன்கூட்டி எண்ணிப் பார் என்று சொல்லும் முறை விவேகமானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆயினும், நிறுப்பவர் யார் என்ற கேள்வி எஞ்சுகிறது. எகிப்திய அதிபர் முபாரக் பதவி துறந்த ஒரு வாரத்தில், 2011 பிப்ரவரி 18 அன்று, கத்தாரில் பல்லாண்டு வாழ்ந்த மார்க்க அறிஞர் யூசுஃப் அல்-கர்ளாவி கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் ஜும்ஆப் பிரசங்கம் செய்தார். வழக்கம்போல் முஸ்லிம்களை மட்டும் விளிக்காமல், கிப்திக் கிறிஸ்தவர்களையும் சேர்த்து விளித்தார். ஜனநாயகம் பற்றிய நூறு வியாக்கியானங்கள் சொல்லாததை அந்த ஒரு விளி சொல்லிற்று. அடுத்த மாதமே, ஷியாக்கள் பெருவாரியாகத் திரண்ட பஹ்ரைன் கிளர்ச்சி அதே பெரியவருக்கு வகுப்புவாதமாகத் தோன்றிற்று! சவூதியின் மூத்த உலமாக்கள் சபையோ ஆர்ப்பாட்டமே கூடாதென்றது. மன்னர் நியமிக்கும் சபை வேறென்ன சொல்லும்?

2013 ஜூலை 3 அன்று, மக்கள் வாக்களித்துத் தேர்ந்த எகிப்திய அதிபர் முர்ஸியை நீக்கிவிட்டதாக இராணுவத் தளபதி ஸீஸி தொலைக்காட்சியில் அறிவித்தபோது உடனிருந்தவர்களில், முபாரக்கால் 2010இல் நியமனம் பெற்ற அல்-அஸ்ஹர் மார்க்கக் கலாசாலைத் தலைவர் அஹ்மத் அத்-தைய்யிபும் ஒருவர். இரு தீங்குகளில் சிறியதை ஏற்றதாக அவர் நியாயம் சொன்னார். தஹ்ரீரில் கிளர்ச்சியை வாழ்த்திய கர்ளாவி, இப்போது முர்ஸிக்குக் கீழ்ப்படிவதே கடமை என்றார். வாதங்கள் அப்படியே இருந்தன. அவற்றை ஏந்திய கைகள்தாம் மாறின.

ஆகவே, குற்றம் துலாக்கோலினுடையதன்று. அதைப் பிடிக்கும் உரிமையைப் பொதுமக்களுக்கு மறுப்பதே குறை. நேரடித் தேர்தலை ‘ஷூரா’ என்னும் கலந்தாலோசனையின் நவீன வடிவமாக ஏற்று 2011 ஜூனில் ஆவணம் வெளியிட்ட அல்-அஸ்ஹர், அடுத்த தேர்தல் வரை காத்திருக்கும்படியன்றோ இராணுவத்துக்குப் புத்தி சொல்லியிருக்க வேண்டும்? இரத்தம் சிந்தத் தொடங்கியதும் அத்-தைய்யிப் மனம் நொந்து வீட்டுக்குள் ஒதுங்கினார் என்பதையும் சொல்லிவிடுவதே நேர்மை. 2013 ஆகஸ்ட் 14 அன்று, முர்ஸியின் ஆதரவாளர்கள் திரண்டிருந்த கெய்ரோவின் ராபிஆ சதுக்கத்தில், மனித உரிமைக் கண்காணிப்பகத்தின் கணக்குப்படி, குறைந்தது 817 பேர் கொல்லப்பட்டனர்.