சிலப்பதிகாரத்தின் தொடக்க அடிகள்

செவ்விலக்கியங்களின் சிறந்த தொடக்க அடிகளைத் தெரிவு செய்வோர் பெரும்பாலும் ஓசையழகையே பார்க்கின்றனர். நூல் முழுமைக்கும் அவ்வடிகள் பொருந்துகின்றனவா என்பதே சரியான சோதனை. அவ்வகையில் சிலப்பதிகாரம் முதலிடம் பெறத் தக்கது.

அதன் முதற்பகுதியான மங்கல வாழ்த்துப் பாடல் கடவுளை வாழ்த்தித் தொடங்கவில்லை. திங்கள், ஞாயிறு, மழை, புகார் நகர் ஆகியவற்றைப் போற்றுகிறது. உலகிற்கு அருள் செய்யும் திங்களுக்குச் சோழனின் வெண்கொற்றக்குடை உவமையாகிறது. இது வெறும் சோழர் புகழ்ச்சியாகத் தோன்றலாம். ஆனால் உலகைக் காப்பதே குடையின் கடமை என்னும் அளவுகோல் இங்கேயே நிறுவப்படுகிறது.

20ஆவது பகுதியான வழக்குரை காதையில், செங்கோலும் வெண்குடையும் வீழக் கோப்பெருந்தேவி கனாக் காண்கிறாள். கண்ணகி வழக்குரைத்தபின், தன் தவற்றை உணர்ந்த பாண்டியன் உயிர் துறக்கிறான். நாடும் அரசனும் வேறு. அளவுகோல் முதல் அடிகளில் நிறுவப்பட்டதே.