சான்ட்ரோ எஞ்சினுக்குச் சாவில்லையா? சில கணக்குகள்

"சான்ட்ரோ எஞ்சினா? அதுக்குச் சாவே கிடையாது சார்." பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, எல்லை தாண்டி நகரி வரைக்கும் பழைய கார் பேரம் நடக்கிற எந்த இடத்திலும் இந்த வரி காதில் விழும். சொல்பவர் புரோக்கராக இருந்தால் சிரித்துவிட்டு நகரலாம். மெக்கானிக்குகளும் இதையேதான் சொல்கிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் கறாராகப் பரிசோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

இது வெறும் வாகனப் பிரியர்களின் விவாதம் இல்லை. எங்க பக்கம் விசைத்தறி ஓட்டும் குடும்பத்துக்கு முதல் கார் என்பது, பெரும்பாலும் சென்னையில் இரண்டு பேர் ஓட்டி முடித்த வண்டிதான். சீட்டு எடுத்த பணமோ, நகை வைத்த பணமோ அதில் போய் உட்காருகிறது. எஞ்சின் ஒருமுறை பெரிதாகச் செலவு வைத்தால் வண்டி விலையில் கணிசமான பங்கு போய்விடும். "சாவே கிடையாது" என்ற உத்தரவாதத்தை நம்பித்தான் அந்தப் பணம் கைமாறுகிறது.

முதலில் எஞ்சினின் ஜாதகம். ஹூண்டாய் 1996-இல் இந்தியாவுக்கு வந்து, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஆலை போட்டது. 1998 செப்டம்பரில் சான்ட்ரோ வெளிவந்தது. உள்ளே இருந்தது 'எப்சிலான்' குடும்பத்து 999 சிசி பெட்ரோல் எஞ்சின். நான்கு சிலிண்டர், சிலிண்டருக்கு மூன்று வால்வு, மொத்தம் பன்னிரண்டு. இரண்டு வால்வு காற்றை உள்ளே விட, ஒன்று புகையை வெளியேற்ற. கார்புரேட்டர் இல்லை, பிறந்ததிலிருந்தே எம்பிஎஃப்ஐ. அந்தக் காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை. மாருதி 800-க்கு எம்பிஎஃப்ஐ வந்தது அதற்குப் பிறகுதான். 1999-இல் டெல்லிப் பகுதிக்கு யூரோ விதிகளை முன்கூட்டியே கொண்டுவரச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது மற்றவர்கள் பதறினார்கள். இந்த எஞ்சின் அதற்குத் தயாராகவே பிறந்திருந்தது. 2003-இல் வந்த சான்ட்ரோ ஜிங்கில் இதே எஞ்சினின் 1086 சிசி வடிவம்.

இப்ப ஸ்பெக் ஷீட்டைப் பார்ப்போம். 999 சிசிக்கு 55 பிஎஸ். 1086 சிசிக்கு 63. லிட்டருக்கு என்று வகுத்தால் முறையே 55, 58. பழைய கார்புரேட்டர் மாருதி 800-இன் 796 சிசி எஞ்சின் 37 குதிரைத் திறன், அதாவது லிட்டருக்கு 46 சொச்சம். பிறகு வந்த மாருதியின் 998 சிசி கே10 எஞ்சின் கிட்டத்தட்ட 68. ஆக, எப்சிலான் நடுவாந்திரம். பத்திரிகை விமர்சனங்கள் அந்தக் காலத்தில் இந்த எண்ணை வைத்துத்தான் மார்க் போட்டன. எனக்கு இதைவிடப் பயனுள்ளதாகத் தெரிவது வேறொரு எண். ஸ்பெக் ஷீட்டில் அது இருக்காது, ஆனா அதிலிருந்தே கணக்குப் போட்டு எடுத்துவிடலாம்.

பிஸ்டன் எவ்வளவு வேகத்தில் மேலும் கீழும் ஓடுகிறது என்பதுதான் அது. 1086 சிசி எஞ்சினின் ஸ்ட்ரோக் 77 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு பிஸ்டன் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்கும், 154 மில்லிமீட்டர். உச்சத் திறன் கிடைக்கும் 5,500 சுற்றில் சராசரி வேகம் விநாடிக்கு 14.1 மீட்டர். கே10-இன் ஸ்ட்ரோக் 79.5, உச்சத் திறன் 6,200 சுற்றில், அங்கே 16.4 மீட்டர். எஞ்சினின் உள்பாகங்கள் தேய்வதில் இந்த வேகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதுவும் நம்ம ஊர் ரோட்டில் யார் 5,500 சுற்றில் ஓட்டுகிறார்கள்? 2,500 சுற்றில் எப்சிலானின் பிஸ்டன் விநாடிக்கு ஆறரை மீட்டர்கூட ஓடுவதில்லை. சான்ட்ரோ நீண்டநாள் உழைப்பதற்கு மாயமந்திரம் ஏதும் காரணமில்லை. வார்ப்பிரும்பு பிளாக், அடக்கமான திறன், அவசரமில்லாத ஓட்டம். அறுபது கிலோ தூக்கக்கூடியவனை முப்பது கிலோ மூட்டை சுமக்க விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நான்கு சிலிண்டர் என்பதும் சும்மா விளம்பர வார்த்தை இல்லை. மூன்று சிலிண்டரில் கிராங்க் 240 டிகிரி சுற்றினால்தான் அடுத்த வெடிப்பு. நான்கில் 180 டிகிரிக்கு ஒருமுறை. ஐடிலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் கையை வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

இதுவரைக்கும் புகழ்ச்சி. இனி என் குறை.

இந்த எஞ்சினில் கேம் ஷாஃப்டை ஓட்டுவது ரப்பர் டைமிங் பெல்ட். அது அறுந்தால் கேம் அந்த இடத்திலேயே நின்றுவிடும், கிராங்க் மட்டும் வேகத்தில் இன்னும் சுற்றும். திறந்தபடி நின்ற வால்வை பிஸ்டன் வந்து இடிக்கும், வால்வு வளையும். ஹெட்டை இறக்கி, வால்வு மாற்றி, லேத்துக்கு அனுப்பி, கேஸ்கட் போட்டு மறுபடி ஏற்ற வேண்டும். மென்பொருள்காரன் கண்ணில் இது அப்பட்டமாகத் தெரிகிற ஒன்று: மொத்த சிஸ்டமும் ஒரே ஒரு மலிவான பாகத்தை நம்பித் தொங்குகிறது. அதைவிட மோசம், அந்தப் பாகம் சாகும்முன் சத்தமே போடாது.

அடுத்து வந்த எஞ்சின்களைப் பாருங்கள். மாருதியின் கே10, ஹூண்டாயின் சொந்த 1.2 கப்பா, இரண்டிலும் செயின். "செயின் ஆயுசுக்கும் வரும்" என்று சொல்வதை நான் நம்புவதில்லை. ஆயிலைக் காலத்தில் மாற்றாவிட்டால் செயினும் நீளும், டென்ஷனரும் தளரும். ஆனா அது காலையில் ஸ்டார்ட் செய்யும்போதே கடகடவென்று கத்தும். ஊருக்கே கேட்கும். கெட்டுப்போவதற்கு முன் சொல்லிவிட்டுக் கெடும் பாகம், சொல்லாமல் கெடும் பாகத்தைவிட நம்பகமானது என்பது என் கட்சி. "எத்தனை கிலோமீட்டர் வரும்" என்று மட்டும் கேட்டால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

பெல்ட்டை 60,000 கிலோமீட்டர் வாக்கில் மாற்றிவிடுங்கள் என்பதுதான் நம்ம பக்கம் மெக்கானிக்குகள் வழக்கமாகச் சொல்வது. முதல் சொந்தக்காரருக்கு அது சரியான அறிவுரை. மூன்றாவது சொந்தக்காரருக்கு? பழைய கார் சந்தையில் மீட்டரைக் குறைத்து வைப்பது ஊரறிந்த ரகசியம். மீட்டர் 48,000 காட்டுகிறது என்றால், பெல்ட்டுக்கு இன்னும் 12,000 பாக்கி என்று வாங்குகிறவர் நினைத்துக்கொள்வார். உண்மையில் வண்டி 1,10,000 ஓடியிருக்கலாம், இரண்டாவது பெல்ட் கடைசி மூச்சில் இருக்கலாம். அப்படியே மீட்டர் உண்மையாக இருந்தாலும், ரப்பருக்கு வயது என்று ஒன்று இருக்கிறது. பத்து வருஷம் நிழலில் நின்ற வண்டியின் பெல்ட்டும் கிழடுதான். பராமரிப்பு அட்டவணை முழுக்க ஒரு எண்ணை நம்பி எழுதப்பட்டது. கைமாறும் சந்தையில் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. எனவே பழைய சான்ட்ரோ வாங்குகிறவர்களிடம் நான் சொல்வது: பில் கையில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய வாரத்திலேயே பெல்ட், டென்ஷனர் இரண்டையும் மாற்றுங்கள். சில ஆயிரத்தில் முடியும். பேரம் பேசும்போதே இதை விலையில் கழித்துப் பேசலாம்.

"சாவே கிடையாது" என்ற வரிக்குள் இன்னொரு ஓட்டையும் உண்டு. நம் கண்ணில் படுவது ஓடிக்கொண்டிருக்கும் சான்ட்ரோக்கள் மட்டுமே. பெல்ட் அறுந்து, "செலவு செய்தால் கட்டாது" என்று காயலான் கடைக்குப் போனவை சாட்சி சொல்ல வருவதில்லை. இருபது வயசு வண்டி ஒன்று தெருவில் ஓடுகிறதென்றால் அதன் எஞ்சின் நல்லது என்பது பாதி உண்மை. அதை வைத்திருந்தவர் ஒழுங்கானவர் என்பது மீதி.

சூட்டைப் பற்றியும் கொஞ்சம். திருத்தணி மலைப்பாதையில் ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில், ஐந்து பேரோடு, ஏசி போட்டுக்கொண்டு முதல் கியரில் ஊர்வதைவிடக் கடுமையான சோதனை எந்த ஆய்வுக்கூடத்திலும் இருக்காது. வண்டி நகராததால் ரேடியேட்டருக்குக் காற்று கிடையாது, மின்விசிறியை மட்டுமே நம்ப வேண்டும். விசிறி ஓடாமல் ஹெட் கேஸ்கட் போனால் அதை எஞ்சினின் குற்றம் என்று எழுதுவது நியாயமில்லை. கூலன்ட்டுக்குப் பதில் போர்த் தண்ணியை ஊற்றி உள்ளே உப்புப் படிய வைத்ததும் எஞ்சின் இல்லை. தறி ஊரில் ஏர் ஃபில்டரை அடிக்கடி தட்டிப் பார்ப்பதும் நல்லது. பஞ்சுத்தூசு எங்கே வேண்டுமானாலும் போய் அடையும்.

ஹூண்டாய்க்கே இந்த எஞ்சின் மேல் ஒரு பாசம் இருந்திருக்க வேண்டும். 2011-இல் வந்த இயானின் 814 சிசி எஞ்சினைப் பாருங்கள். 1086-இல் நாலில் மூன்று பங்கு எவ்வளவு? 814.5. ஒரு சிலிண்டரை வெட்டி எடுத்துவிட்டார்கள், பன்னிரண்டு வால்வு ஒன்பதானது. சான்ட்ரோ 2014-இல் நின்று, 2018 அக்டோபரில் மறுபடி வந்தபோதும் அதே 1086 சிசிதான், இந்த முறை 69 பிஎஸ். பதினைந்து வருஷ இடைவெளியில், அதே கொள்ளளவில் ஆறு பிஎஸ். கஞ்சத்தனம் என்று அப்போது விமர்சித்தவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிஎஸ்6 விதி வந்தபோதும் தேறிய எஞ்சின் அது. 2022-இல் அந்த சான்ட்ரோவும் நின்றது.

கடைசியாக, இப்போது எல்லாரும் கேட்கும் எத்தனால் விஷயம். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால் லிட்டருக்குச் சுமார் 7 சதவீத ஆற்றல் குறையும். 15 கொடுத்த வண்டி 14 கொடுத்தால் எஞ்சினைத் திட்டாதீர்கள், அது வெறும் வேதியியல். (ஆந்திராவில் பெட்ரோல் விலை அதிகம் என்பதால் எல்லை தாண்டி வந்து நம்ம பங்க்கில் போடுகிறவர்களுக்கு இது கூடுதல் வருத்தம்.) எனக்குக் கவலை மைலேஜ் இல்லை, ரப்பர். 2003 வண்டியின் பெட்ரோல் ஹோஸ், சீல், ஓ-ரிங் எல்லாம் இந்தக் கலவையை எதிர்பார்த்துச் செய்தவை அல்ல. பெல்ட் மாற்ற வண்டியை ஷெட்டில் விடும்போதே அந்த ஹோஸையும் விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கெட்டியாகி வெடிப்பு விட்டிருந்தாலோ, தொட்ட விரலில் பெட்ரோல் வாசனை வந்தாலோ அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.